மேசையிலிருந்து தரவு மையத்துக்கு நகரும் அலுவலகக் கணினி: சாவி யார் கையில்?

புதுடெல்லி: ஊழியரின் மேசையில் கணினியை வைப்பதற்குப் பதிலாக, எங்கோ ஒரு தரவு மையத்தில் இயங்கும் கணினியின் திரையை மட்டும் அவருக்கு அனுப்பிவைக்கும் 'மெய்நிகர் டெஸ்க்டாப்' முறை, இந்தியாவில் வங்கிகள், அழைப்பு மையங்கள், பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆகியவற்றைக் கடந்து சிறு, நடுத்தர நிறுவனங்களையும் எட்டியுள்ளது. தரவுப் பாதுகாப்பு, எளிதான பராமரிப்பு, எந்த ஊரிலிருந்தும் பணியாற்றும் வசதி ஆகியவை இதன் ஆதாயங்களாக முன்வைக்கப்படுகின்றன. அதே வேளையில், நூற்றுக்கணக்கான மேசைகளில் பரவியிருந்த கணினிகள் ஒரே இடத்தில் குவியும்போது, அந்த இடத்தின் கதவைத் திறக்கவும் மூடவும் அதிகாரம் பெற்றவர் யார் என்ற கேள்வியும் எழுகிறது. இதற்கான விடையைத் தெரிந்துகொள்ளாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நிறுவனங்கள் பெரிய விலை கொடுக்க நேரிடலாம் என்பதை அண்மைக்கால நிகழ்வுகள் காட்டுகின்றன.

நயாரா விவகாரம் உணர்த்தியது என்ன?

குஜராத் மாநிலம் வாடினாரில் ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறன் கொண்ட ஆலையை நடத்திவருகிறது நயாரா எனர்ஜி நிறுவனம். நாட்டின் மொத்தச் சுத்திகரிப்புத் திறனில் இதன் பங்கு சுமார் 8 சதவீதம். ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் இந்நிறுவனத்தில் 49.13 சதவீதப் பங்குகளை வைத்துள்ளது. இதன் காரணமாக, 2025 ஜூலை 18 அன்று ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்த தடைகளின் பட்டியலில் நயாராவும் இடம்பெற்றது.

அடுத்த சில நாட்களில், அந்நிறுவனத்துக்கு வழங்கிவந்த அவுட்லுக் மின்னஞ்சல், டீம்ஸ் உள்ளிட்ட சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவைத்தது. முழுக் கட்டணம் செலுத்திப் பெற்ற உரிமங்கள் இருந்தும் தனது சொந்தத் தரவுகளையே அணுக முடியவில்லை என்று கூறி நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. இந்தியச் சட்டத்தின்படியோ அமெரிக்கச் சட்டத்தின்படியோ அத்தகைய நடவடிக்கைக்குத் தேவை எழவில்லை என்பது அந்நிறுவனத்தின் வாதம். ஜூலை 30-க்குள் சேவைகள் மீண்டும் வழங்கப்பட்டன.

இது மெய்நிகர் டெஸ்க்டாப் தொடர்பான வழக்கு அன்று. ஆனாலும், கணினிச் சேவைகளை வெளியில் ஒப்படைக்கும் எந்த நிறுவனமும் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி இதில் அடங்கியுள்ளது. மின்னஞ்சல் நின்றால் தொலைபேசியிலும் கைப்பேசிச் செயலிகளிலும் ஓரளவு சமாளிக்கலாம். கோப்புகள், கணக்கு மென்பொருள், வாடிக்கையாளர் விவரங்கள் அனைத்தையும் தாங்கிய கணினியே வெளியில் இருந்து, அதுவும் நின்றுபோனால், ஊழியர்களின் கையில் மிஞ்சுவது வெறும் திரைதான்.

மெய்நிகர் டெஸ்க்டாப் என்பது என்ன?

இம்முறையில் விண்டோஸ் அல்லது லினக்ஸ் இயங்குதளம், அலுவலக மென்பொருள்கள், கோப்புகள் ஆகிய அனைத்தும் தரவு மையத்தில் உள்ள சர்வரில் இயங்குகின்றன. ஊழியரின் முன்னால் இருப்பது ஒரு திரை, விசைப்பலகை, மவுஸ், இவற்றை இணையத்துடன் இணைக்கும் ஒரு சிறு கருவி. பழைய லேப்டாப் ஒன்றையும் இதற்குப் பயன்படுத்தலாம். ஊழியர் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் சர்வருக்குச் செல்கிறது. அதன் விளைவாக மாறிய திரையின் படம் திரும்பி வருகிறது. கோப்பு எதுவும் ஊழியரின் கருவியில் தங்குவதில்லை.

இதில் இரு வகைகள் உண்டு. ஒரே சர்வரின் இயங்குதளத்தைப் பல ஊழியர்கள் பகிர்ந்துகொள்வது ஒன்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனி மெய்நிகர் கணினியை ஒதுக்குவது மற்றொன்று. முதல் வகையில் செலவு குறைவு. ஒரே மாதிரியான பணியைச் செய்யும் அழைப்பு மையங்களுக்கும் வங்கிக் கவுன்ட்டர்களுக்கும் அது பொருந்தும். மென்பொருள் உருவாக்குநர்கள், வடிவமைப்பாளர்கள் போன்றோருக்கு இரண்டாம் வகையே ஏற்றது.

நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவுக்கு இதனால் கிடைக்கும் பயன் பெரிது. மென்பொருள்கள் அனைத்தும் நிறுவப்பட்ட ஒரு 'மூலப் பிரதி' தயார் செய்யப்படுகிறது. அதிலிருந்து 500 அல்லது 5,000 ஊழியர்களுக்கான டெஸ்க்டாப்கள் உருவாக்கப்படுகின்றன. புதிய பாதுகாப்புத் திருத்தம் வரும்போது மூலப் பிரதியில் ஒருமுறை செய்தால் போதும்; ஒவ்வொரு மேசையாகச் செல்ல வேண்டியதில்லை. ஊழியர் பணியிலிருந்து விலகினால் அவரது அணுகலை நிமிடங்களில் துண்டிக்கலாம். லேப்டாப் ரயிலில் தொலைந்தாலும் அதனுடன் சேர்ந்து வாடிக்கையாளர் தரவு தொலைவதில்லை.

இந்த எண்ணம் புதிதன்று. இத்துறையின் முன்னோடியான சிட்ரிக்ஸ் நிறுவனம் 1989-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. நிறுவனங்கள் சொந்தமாக சர்வர் வாங்காமல் மாத வாடகைக்கு டெஸ்க்டாப் பெறும் முறையை அமேசான் 2013-இல் 'வொர்க்ஸ்பேசஸ்' என்ற பெயரில் அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் 2019-இல் 'விண்டோஸ் விர்ச்சுவல் டெஸ்க்டாப்' சேவையையும், 2021 ஆகஸ்டில் 'விண்டோஸ் 365' சேவையையும் அறிமுகப்படுத்தியது. முதலாவது தற்போது 'அஷூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப்' என அழைக்கப்படுகிறது. அக்காப்ஸ், அனுன்டா போன்ற இந்திய நிறுவனங்களும் இத்துறையில் இயங்கிவருகின்றன.

பொதுமுடக்கம் தந்த உந்துதல்

இந்தியாவில் இம்முறைக்குப் பெரும் உந்துதலைத் தந்தது 2020 மார்ச் 25 அன்று நடைமுறைக்கு வந்த நாடு தழுவிய பொதுமுடக்கம். அதற்கு முன்பு, பிற சேவை வழங்குநர் எனப்படும் அழைப்பு மையங்கள் தமது ஊழியர்களை வீட்டிலிருந்து பணியாற்றச் செய்வதற்குப் பாதுகாப்பு வைப்புத்தொகை, தனிப்பட்ட இணைப்பு எனப் பல நிபந்தனைகள் இருந்தன. 2020 மார்ச் மாதத்தில் தொலைத்தொடர்புத் துறை இவற்றைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. அதே ஆண்டு நவம்பர் மாதத்திலும், 2021 ஜூன் மாதத்திலும் வெளியான புதிய வழிகாட்டுதல்கள் அந்தத் தளர்வை நிரந்தரமாக்கின.

அன்றைய அவசரத்தில் பல நிறுவனங்கள் மேசைக் கணினிகளையே வாகனங்களில் ஏற்றி ஊழியர்களின் வீடுகளுக்கு அனுப்பின. வேறு பல நிறுவனங்கள் ஊழியர்களின் சொந்தக் கணினியிலேயே மெய்நிகர் டெஸ்க்டாப்பைத் திறந்துகொடுத்தன. சுமார் 4.5 லட்சம் ஊழியர்களைக் கொண்டிருந்த டிசிஎஸ், அவர்களில் பெரும்பாலானோரை வீட்டிலிருந்தே பணியாற்றும் நிலைக்கு மாற்றியது. இத்தகைய மாற்றம் சாத்தியம் என்பது அப்போதுதான் வாடிக்கையாளர் நிறுவனங்களுக்கும் உறுதியானது.

வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் நடத்தும் உலகளாவிய திறன் மையங்களும் மற்றொரு காரணம். நாஸ்காம் - ஜின்னோவ் அறிக்கையின்படி, 2024 நிதியாண்டில் இந்தியாவில் 1,700-க்கும் மேற்பட்ட இத்தகைய மையங்களில் சுமார் 19 லட்சம் பேர் பணியாற்றினர். இவ்வகை மையங்களில், வெளிநாட்டுத் தாய் நிறுவனத்தின் தரவுகளை இந்தியாவுக்குள் கொண்டுவராமலேயே இங்குள்ள ஊழியர்கள் அவற்றைக் கையாள மெய்நிகர் டெஸ்க்டாப் வழிசெய்கிறது.

ஒழுங்குமுறை அமைப்புகள் சொல்வது

தரவு எங்கே இருக்கிறது, யார் அணுகினார்கள் என்பதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இந்திய நிறுவனங்களுக்கு ஆண்டுதோறும் கூடிவருகிறது. இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கணினிப் பதிவுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் அமைப்பு உத்தரவிட்டது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, போதிய பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறும் நிறுவனத்துக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்கப்படலாம். இச்சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வருகின்றன.

இந்தக் கடமைகளை நிறைவேற்றுவதற்கு மெய்நிகர் டெஸ்க்டாப் வசதியானது. யார் எப்போது உள்நுழைந்தார், எந்தக் கோப்பைத் திறந்தார் என்ற பதிவுகளை ஒரே இடத்தில் எடுக்க முடிகிறது. கோப்புகளைப் பென்டிரைவில் நகலெடுப்பதையும் தடுக்க முடிகிறது. திரையைக் கைப்பேசியில் படம் பிடிப்பதை இதனால் தடுக்க இயலாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஊழியரின் அடையாள எண்ணைத் திரையின் மீது மங்கலாகப் பதித்து, படம் கசிந்தால் யாரிடமிருந்து கசிந்தது எனக் கண்டறியும் ஏற்பாட்டைச் சில நிறுவனங்கள் செய்துள்ளன.

எனினும், வேலையை வெளியில் ஒப்படைத்தாலும் பொறுப்பை ஒப்படைக்க முடியாது என்பதில் ஒழுங்குமுறை அமைப்புகள் உறுதியாக உள்ளன. ரிசர்வ் வங்கி 2023 ஏப்ரல் 10 அன்று வெளியிட்டு, அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைப்படுத்திய தகவல் தொழில்நுட்பச் சேவைகளை வெளியில் ஒப்படைப்பது பற்றிய வழிகாட்டுதல் இதைத் தெளிவுபடுத்துகிறது. சேவையிலிருந்து வெளியேறுவதற்கான திட்டம், தணிக்கை செய்யும் உரிமை, ஒரே நிறுவனத்தை அளவுக்கு மீறிச் சார்ந்திருப்பதன் ஆபத்தைக் கணித்தல் ஆகியவை அதில் இடம்பெற்றுள்ளன. பங்குச் சந்தை சார்ந்த நிறுவனங்களுக்கு செபி 2023 மார்ச் 6 அன்று கிளவுட் சேவைகளுக்கான விதிமுறைகளை வெளியிட்டது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் முதன்மைப் பொறுப்பு தரவைத் திரட்டிய நிறுவனத்தையே சாரும். அதற்காகப் பணியாற்றும் சேவை நிறுவனத்தைக் காட்டித் தப்பித்துக்கொள்ள இயலாது.

வங்கி, பங்குச் சந்தைத் துறைகளுக்கு வெளியே உள்ள சிறு நிறுவனங்களுக்கு இப்படி 'வெளியேறும் திட்டம் வைத்துக்கொள்ளுங்கள்' என்று கட்டாயப்படுத்த யாரும் இல்லை. அவர்களுக்கு வந்துசேர்வது சேவை நிறுவனத்தின் விளம்பரமும் விலைப்பட்டியலும் மட்டுமே.

செலவு உண்மையில் குறையுமா?

ரிலையன்ஸ் ஜியோ 2025 ஜூலையில் 'ஜியோபிசி' சேவையை மாதம் ரூ.599 மற்றும் ஜிஎஸ்டி என்ற தொடக்க விலையில் அறிமுகப்படுத்தியது. செட்டாப் பாக்ஸுடன் தொலைக்காட்சித் திரையும் விசைப்பலகையும் மவுஸும் இருந்தால் போதும், அது கணினியாக மாறிவிடும் என்பதே இதன் ஈர்ப்பு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிவுக்கு வந்துள்ள நிலையில், பழைய கணினிகளை மாற்ற வேண்டிய கட்டாயத்தில் உள்ளவர்களை இத்தகைய சேவைகள் கவர்வதில் வியப்பில்லை.

இங்கே ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ரூ.599-உடன் 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்தால் மாதம் சுமார் ரூ.707. ஐந்து ஆண்டுகளுக்கு, அதாவது 60 மாதங்களுக்கு, ஏறத்தாழ ரூ.42,400. ரூ.45,000 விலையுள்ள ஒரு மேசைக் கணினி ஐந்து ஆண்டுகள் உழைத்தால் மாதச் செலவு ரூ.750. இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. மெய்நிகர் டெஸ்க்டாப்புக்குத் திரையும் தடையில்லா இணைய இணைப்பும் தனியே வேண்டும். மேசைக் கணினிக்குப் பழுதுபார்ப்பு, வைரஸ் தடுப்பு, மின்சாரம் ஆகிய செலவுகள் உண்டு.

ஆகவே, முதலீட்டுச் செலவு மாதாந்திரச் செலவாக மாறுகிறது என்பதே சரியான விளக்கம். தொழில் தொடங்கும் நிறுவனத்துக்கும், ஆறு மாதத் திட்டத்துக்காக 40 பேரைப் பணியமர்த்தும் நிறுவனத்துக்கும் இது நல்ல வாய்ப்பு. அதே 40 பேருடன் ஆண்டுக்கணக்கில் இயங்கும் நிறுவனத்துக்கு ஆதாயம் மிகக் குறைவாகவே இருக்கும். மேசைக் கணினியைப் போலன்றி, வாடகை நின்ற மறுநாள் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை.

வாடகை உயர்ந்தால் என்ன செய்வது என்பதும் கவனத்துக்குரியது. இத்துறையின் இரு பெரும் நிறுவனங்களும் அண்மை ஆண்டுகளில் கைமாறியுள்ளன. சிட்ரிக்ஸ் 2022 செப்டம்பரில் 1,650 கோடி டாலருக்குத் தனியார் முதலீட்டு நிறுவனங்களிடம் சென்றது. விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை பணம் செலுத்திப் பெறும் நிரந்தர உரிமங்களின் விற்பனையை பிராட்காம் நிறுத்தி, அனைவரையும் சந்தா முறைக்கு மாற்றியது. விலை 1,050 சதவீதம் உயர்த்தப்படுவதாக அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் நீதிமன்றத்தில் முறையிட்டது; பின்னர் அவ்வழக்கு சமரசத்தில் முடிந்தது. விஎம்வேரின் மெய்நிகர் டெஸ்க்டாப் பிரிவு 2024 ஜூலையில் கேகேஆர் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, ஓம்னிசா என்ற தனி நிறுவனமாகியுள்ளது. ஏடி அண்ட் டி போன்ற பெருநிறுவனத்துக்கே இந்நிலை என்றால், 50 ஊழியர்களைக் கொண்ட நிறுவனத்துக்குப் பேரம் பேசும் வலிமை எவ்வளவு இருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

தொலைவும் இணைய வேகமும்

விசையைத் தட்டியவுடன் எழுத்து திரையில் தோன்ற வேண்டும். மெய்நிகர் டெஸ்க்டாப்பில் இந்த இடைவெளியைத் தரவு மையத்தின் தொலைவு தீர்மானிக்கிறது. கண்ணாடி இழை வடத்தில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. மும்பையில் உள்ள தரவு மையத்துக்கும் டெல்லியில் உள்ள ஊழியருக்கும் இடையே சமிக்ஞை சென்று திரும்பக் குறைந்தது 12 மில்லிநொடி தேவை. இது உணர முடியாத அளவு. ஹைதராபாத்திலிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரை நேர்கோட்டில் 13,000 கிலோமீட்டருக்கும் அதிகம். அங்கே சென்று திரும்ப ஒளிக்கே 130 மில்லிநொடி ஆகும். வடங்களின் வளைவுகளையும் இடைநிலையங்களையும் சேர்த்தால் 200-ஐத் தாண்டும். இந்த இடைவெளி 150 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட்டின் பரிந்துரை. எனவே, தரவு மையம் இந்தியாவில் இருக்கிறதா என்பது சட்டம் தொடர்பான கேள்வியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. ஊழியரின் அன்றாடப் பணி வேகத்தையும் அதுவே முடிவு செய்கிறது.

அலைவரிசையும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். எளிய பணிகளுக்கு ஒருவருக்கு 1.5 எம்பிபிஎஸ், நடுத்தரப் பணிகளுக்கு 3 எம்பிபிஎஸ் என்பது மைக்ரோசாஃப்ட் தரும் அளவீடு. அதாவது, 100 பேர் ஒரே நேரத்தில் பணியாற்றும் அலுவலகத்துக்கு 300 எம்பிபிஎஸ் தேவை. காலை 9.30 மணிக்கு அனைவரும் ஒன்றாக உள்நுழையும்போது சர்வர்கள் திணறுவது இத்துறையில் நன்கு அறியப்பட்ட சிக்கல். திறன் போதாத சர்வர்களைக் குறைந்த விலைக்கு வாங்கிய நிறுவனங்களில் ஊழியர்கள் திரை திறப்பதற்காகக் காத்திருந்தே நாளைத் தொடங்க நேரிடும்.

இணையமே நின்றுபோகும் நாட்களும் இந்தியாவில் உண்டு. 'ஆக்சஸ் நவ்' அமைப்பின் கணக்கின்படி, 2024-ஆம் ஆண்டில் நாட்டின் பல பகுதிகளில் 84 முறை இணையம் முடக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 6 அன்று செங்கடலில் கடலடி வடங்கள் அறுந்தபோது, மத்திய கிழக்கு வழியாகச் செல்லும் தனது கிளவுட் சேவைகளில் தாமதம் ஏற்படுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மேசையில் கணினி இருந்தால் இணையம் இல்லாத நேரத்திலும் ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து வைக்கலாம். திரை மட்டும் இருந்தால் அதுவும் இயலாது.

பிரிண்டரும் டிஜிட்டல் கையொப்பமும்

இந்திய அலுவலகங்களில் நடைமுறைச் சிக்கல்கள் பெரும்பாலும் சிறிய கருவிகளில்தான் தொடங்குகின்றன. நிறுவனப் பதிவு, வருமான வரி, மின்னணு ஒப்பந்தப்புள்ளி ஆகியவற்றுக்கான டிஜிட்டல் கையொப்பம் யுஎஸ்பி டோக்கனில் வழங்கப்படுகிறது. அது ஊழியரின் மேசையில் செருகப்பட்டிருக்கும். அதைப் படிக்க வேண்டிய மென்பொருளோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இயங்கிக்கொண்டிருக்கும். பாஸ்புக் அச்சிடும் இயந்திரம், பார்கோடு ஸ்கேனர், கைரேகைக் கருவி ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். இவற்றை மெய்நிகர் டெஸ்க்டாப்புடன் இணைக்கும் வசதி உண்டு என்றாலும், ஒவ்வொரு கருவியையும் முன்கூட்டியே சோதித்துப் பார்ப்பது அவசியம்.

இயங்குதளமும் முக்கியம். சிறு வணிகர்கள் பரவலாகப் பயன்படுத்தும் டாலி கணக்கு மென்பொருள் விண்டோஸில் இயங்குவது. குறைந்த விலையில் கிடைக்கும் லினக்ஸ் அடிப்படையிலான மெய்நிகர் கணினியை வாங்கிய பிறகு இதைக் கண்டறிந்தால், விண்டோஸ் வசதியுள்ள, விலை கூடுதலான சேவைக்கு மாற நேரிடும்.

ஒரே கதவு, ஒரே ஆபத்து

கணினிகள் ஒரே இடத்தில் குவிவதால் பாதுகாப்பு எளிதாகிறது. அதே காரணத்தால் தாக்குதலுக்கான இலக்கும் ஒன்றாகிறது. மெய்நிகர் டெஸ்க்டாப்களுக்கு வெளியிலிருந்து நுழைய உதவும் சிட்ரிக்ஸ் நெட்ஸ்கேலர் கருவியில் இருந்த 'சிட்ரிக்ஸ் பிளீட்' என்ற குறைபாடு 2023 அக்டோபரில் வெளிவந்தது. ஏற்கெனவே உள்நுழைந்திருந்த பயனரின் அடையாளத்தைத் திருடி, கடவுச்சொல்லோ ஓடிபியோ இல்லாமல் உள்ளே செல்ல அது வழிவிட்டது. போயிங் நிறுவனத்தின் உதிரிபாகப் பிரிவு மீதான லாக்பிட் கும்பலின் தாக்குதல் இவ்வழியாகவே நிகழ்ந்தது. இதே போன்ற மற்றொரு குறைபாடு 2025 ஜூனில் கண்டறியப்பட்டது.

இந்தியாவிலும் பொதுச் சேவை ஒன்று முடங்கினால் அதைச் சார்ந்த அனைவரும் முடங்குவதைக் கண்டிருக்கிறோம். கூட்டுறவு வங்கிகளுக்கும் மண்டல ஊரக வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை வழங்கும் சி-எட்ஜ் நிறுவனம் 2024 ஜூலை இறுதியில் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. பாதிப்பு பரவாமலிருக்க, தேசிய கொடுப்பனவுக் கழகம் அந்நிறுவனத்தின் இணைப்பைத் தற்காலிகமாகத் துண்டித்தது. சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் யுபிஐ உள்ளிட்ட சேவைகளைப் பயன்படுத்த முடியாத நிலை ஏற்பட்டது. அந்த வங்கிகள் தனித்தனியே எந்தத் தவறும் செய்யவில்லை.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ்கள் வழங்கப்பட்டன. மேசையில் இருந்த கணினிகளைச் சரிசெய்யத் தொழில்நுட்பப் பணியாளர்கள் பெரும்பாலும் ஒவ்வொன்றின் அருகிலும் செல்ல வேண்டியிருந்தது. விண்டோஸ் 365 பயனர்கள் தமது மெய்நிகர் கணினியை முந்தைய நிலைக்குத் திரும்பக் கொண்டுசெல்லலாம் என மைக்ரோசாஃப்ட் அறிவுறுத்தியது. குவிப்பு என்பது எப்போதும் பலவீனம் ஆகிவிடாது. மீட்கும் வழி முன்கூட்டியே திட்டமிடப்பட்டிருந்தால் அது பலமாகவும் அமையும் என்பதற்கு இது சான்று.

ஊழியரின் பார்வையில்

வீட்டிலிருந்து பணியாற்றும் வாய்ப்பு, கனமான லேப்டாப்பைச் சுமக்காத வசதி ஆகியவை ஊழியர்களுக்குக் கிடைக்கும் பயன்கள். அதேநேரத்தில், சொந்தக் கணினியையும் வீட்டு இணையத்தையும் மின்சாரத்தையும் அலுவலகப் பணிக்காகப் பயன்படுத்தும்போது, நிறுவனத்தின் செலவில் ஒரு பகுதி ஊழியரின் தலைக்கு மாறுகிறது. உள்நுழைவு நேரம், செயலற்ற நிமிடங்கள் என அனைத்தும் பதிவாகும் முறையில், சர்வர் திணறிய நேரமும் ஊழியர் வேலை செய்யாத நேரமாகக் கணக்கிடப்படும் அபாயம் உண்டு. எவை பதிவு செய்யப்படுகின்றன, எவ்வளவு காலம் வைக்கப்படுகின்றன, இணையம் தடைபட்ட நேரம் எப்படிக் கணக்கிடப்படும் என்பவற்றை நிறுவனம் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிப்பதே நியாயமான நடைமுறையாக இருக்கும்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

மேற்கண்ட நிகழ்வுகளின் அடிப்படையில், மெய்நிகர் டெஸ்க்டாப்புக்கு மாறத் திட்டமிடும் நிறுவனங்கள் சேவை வழங்குநரிடம் சில கேள்விகளுக்கு எழுத்துப்பூர்வமான பதிலைப் பெறுவது நல்லது.

* டெஸ்க்டாப்கள் எந்த நகரில் உள்ள தரவு மையத்தில் இயங்குகின்றன? அவற்றின் நகல் வேறு எந்த நகரில் உள்ளது?

* எந்தச் சூழ்நிலையில் சேவை நிறுத்தப்படலாம்? வேறொரு நாட்டின் தடை உத்தரவு அதற்குக் காரணமாகுமா? எத்தனை நாட்கள் முன்னறிவிப்பு தரப்படும்?

* தகராறு ஏற்பட்டால் எந்த நாட்டின் சட்டம், எந்த நீதிமன்றம் பொருந்தும்?

* ஒப்பந்தம் முடிந்தால் கோப்புகள் எந்த வடிவில், எத்தனை நாட்களில் திருப்பித் தரப்படும்? அதற்குக் கட்டணம் உண்டா?

* கட்டணம் எத்தனை ஆண்டுகளுக்கு மாறாது?

* பிரிண்டர், டிஜிட்டல் கையொப்ப டோக்கன், கணக்கு மென்பொருள் ஆகியவற்றுடன் சோதனை ஓட்டம் நடத்த அனுமதி உண்டா?

இவற்றுடன், நிறுவனம் தன் பங்குக்குச் செய்ய வேண்டியவையும் உண்டு. முக்கியக் கோப்புகளின் நகலை அந்தச் சேவைக்கு வெளியே, தனது கட்டுப்பாட்டில் உள்ள இடத்தில் வைத்திருப்பது முதலாவது. அத்தியாவசியப் பணிகளுக்காகச் சில கணினிகளைத் தனியே வைத்துக்கொள்வது இரண்டாவது. இரு வேறு நிறுவனங்களின் இணைய இணைப்புகளைப் பெறுவது மூன்றாவது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல், ஒரு பிரிவில் சில மாதங்கள் நடத்திப் பார்த்து விரிவுபடுத்துவது நான்காவது.

தரவுப் பாதுகாப்பு விதிகளின் முக்கியக் கடமைகள் 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரவிருப்பதால், அதற்குள் மேலும் பல நிறுவனங்கள் மெய்நிகர் டெஸ்க்டாப்பை நாடக்கூடும். அவற்றுள் பெரும்பாலானவை வங்கிகளைப் போலத் தனிச் சட்டப் பிரிவோ தணிக்கைக் குழுவோ இல்லாத சிறு நிறுவனங்களாக இருக்கும். வெளியேறும் திட்டம், தரவைத் திரும்பப் பெறும் உரிமை, நிறுத்துவதற்கு முன் கட்டாய முன்னறிவிப்பு ஆகியவற்றை ரிசர்வ் வங்கி தன் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களிடம் வலியுறுத்துவதைப் போல, பிற துறைகளுக்கும் ஒரு மாதிரி ஒப்பந்தத்தை மத்திய அரசு வெளியிடுவது பயனளிக்கும். அதுவரை, மாத வாடகையை ஒப்பிடுவதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது ஒப்பந்தத்தின் நிறுத்தப் பிரிவைப் படிப்பதற்குச் செலவிடுவதே தொழில் நடத்துவோருக்குப் பாதுகாப்பு.